டான்டலமும் அதன் ஃபுளூரைடு உப்பும்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டு எல்லையைக் கடந்ததும் வரும் ஊர் தடா. அதன் கிழக்கே பழவேற்காட்டு ஏரி. ஏரிக்கு அப்பால், 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் எழுந்த ஸ்ரீஹரிகோட்டா. வடக்கே கூடூரைச் சுற்றி நெல்லூர் அபிரகப் பகுதி. அபிரகம் விளையும் பெக்மடைட் பாறைகளில் கொலம்பைட்-டான்டலைட் என்னும் கரிய, கனமான கனிமமும் ஆங்காங்கே காணப்படுகிறது. மின்னணுக் கருவிகளில், சிறு இடத்தில் மிகுந்த மின்னூட்டத்தைத் தேக்கும் மின்தேக்கிகளுக்கு வேண்டிய டான்டலம் இக்கனிமத்திலிருந்தே கிடைக்கிறது.

இதில் இடர்ப்பாடு ஒன்று உண்டு. டான்டலமும் நியோபியமும் இயற்கையில் இணைபிரியா இரட்டையர். வேதியியல் குணங்களும் ஏறத்தாழ ஒன்றே. இவற்றைப் பிரிக்கும் வழியை 1866-இல் சுவிஸ் வேதியியலார் மரின்யாக் கண்டார். கனிமத்தை ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் கரைத்துப் பொட்டாசியம் ஃபுளூரைடைச் சேர்த்தால், பொட்டாசியம் ஹெப்டாஃபுளூரோடான்டலேட் வெண்ணிற ஊசிப் படிகங்களாகப் பிரிகிறது. அமிலங்கலந்த குளிர்நீரில் இது கரைய 150 பங்குக்கும் மேல் நீர் வேண்டும். நியோபியத்தின் ஆக்சிஃபுளூரைடு உப்புக்கோ 12, 13 பங்கு நீரே போதும்.

அமிலத்தின் அளவே இங்கு உயிர்நாடி. குறைந்தால் டான்டலம் உப்பு நீராற்பகுப்படைந்து, கரையாத ஆக்சிஃபுளூரைடாகி வீணாகும். மிகுந்தால் நியோபியமும் அதே வடிவுள்ள ஹெப்டாஃபுளூரைடு உப்பாகிப் படிகத்தில் கலந்துவிடும். இத்தொல்லையாலேயே இன்றைய ஆலைகள் கரைப்பான்களைக் கொண்டு இரு உலோகங்களையும் முதலில் பிரித்துக்கொள்கின்றன. படிகமாக்கல் அதன் பின்னரே. உலர்த்திய உப்பை உருக்கிச் சோடியத்தால் ஒடுக்கினால் டான்டலத் தூள் கிடைக்கும். ஒரு கிலோகிராம் உப்பிற்குச் சுமார் 293 கிராம் சோடியம் தேவை. கிடைக்கக்கூடிய உலோகம் 461 கிராம்.

இவ்வமிலம் கண்ணாடியை அரிக்குமாதலால் பாலித்தீன், டெஃப்லான் கலங்களையே கையாளவேண்டும். தோலில் பட்டால் முதலில் வலி தெரியாமலே உள்ளிறங்கி எலும்பையும் தாக்கும். உடனே நீரால் கழுவிக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவி, மருத்துவரிடம் செல்வது கட்டாயம்.

கழிவுநீர் பற்றியும் ஒரு சொல். சுண்ணாம்பு சேர்த்தால் ஃபுளூரைடின் பெரும்பகுதி கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்துவிடும். எஞ்சியதை அளந்து பார்த்த பின்னரே நீரை வெளியே விடவேண்டும். நிலத்தடி நீரின் ஃபுளூரைடால் எலும்பும் பல்லும் கெடும் நோய் இந்தியாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்திலேதான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருத்தலாகாது என்பது இந்தியத் தரநிர்ணயம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுக்கலாம்.