பிள்ளையோடு புது இடம் தேடும் தாய்

இடம்பெயர்தல் என்ற சொல்லை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களில் மலையகத் தோட்டங்களை விட்டுப் புறப்பட்டு, வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர் தப்பியவர்கள் உடுத்த துணியோடு வெளியேறியதையும் நாம் அறிவோம். கலவரத்துக்கும் மண்சரிவுக்கும் தப்பி வந்தவரை ஊர் இரக்கத்தோடு ஏற்கிறது.

கட்டியவனின் அடிக்கு அஞ்சி, இடுப்பில் பிள்ளையும் கையில் ஒரு பையுமாக விடியற்காலை பஸ் ஏறும் தாய்க்கு நிவாரண அட்டை இல்லை, முகாமும் இல்லை. "புருஷனை விட்டு வந்தவள்" என்ற பேச்சுத்தான் அவளுக்கு முன்னே வந்து நிற்கிறது. இவளும் இடம்பெயர்ந்தவளே. அவளும் பிள்ளையும் புது இடத்தில் நிலைப்பதற்கு என்ன வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் படிப்போம்.

தோட்டத்தில் ஏன் இது கடினம்?

இது ஒரு சில வீட்டுக் கதையல்ல. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியது. கணவனோ துணைவனோ உள்ள, அல்லது முன்பு இருந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவனிடமிருந்து உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு உள்ளாகியிருந்ததை அது காட்டியது.

தோட்டத்தில் இதற்கு மேலும் ஒரு முடிச்சு இருக்கிறது. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை அதே தோட்டத்தின் செக்ரோலில். கைக்குழந்தையைப் பார்ப்பது தோட்டத்துப் பிள்ளைமடுவம். ஆகவே கணவனை விட்டு விலகும் பெண் கூரை, கூலி, பிள்ளைப் பராமரிப்பு மூன்றையும் ஒரே நாளில் இழக்க நேரிடுகிறது. தாய்வீடும் பல வேளைகளில் அடுத்த டிவிஷனில்தான். அவனுக்குத் தெரிந்த பாதைதான். அடி விழும் சத்தம் லயம் முழுக்கக் கேட்டாலும், "குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். பிறகு பெரியவர்கள் கூடி, "பிள்ளையின் முகத்துக்காகப் பொறுத்துக்கொள்" என்று அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளை இரவில் கண்டதை யாரும் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். அவசரமென்று கண்டால் நீதவான் முதலில் இடைக்காலக் கட்டளை தருவார். விசாரணைக்குப் பின் 12 மாதங்கள் வரையான பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். அவள் இருக்கும் வீட்டுக்கோ வேலைத்தலத்துக்கோ அவன் வரக்கூடாது என்றும், பிள்ளையை அணுகக்கூடாது என்றும் அதில் தடை விதிக்க முடியும். மீறினால் தண்டனை உண்டு. பதிவுத் திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தவருக்கும் இச்சட்டம் பொருந்தும்.

இடம் மாறும் தாய் மறக்கக் கூடாதது ஒன்று: அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் வெலிமடையில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். வழக்குக்காக அவள் அடித்தவனின் ஊருக்குத் திரும்பத் தேவையில்லை.

பிள்ளையின் செலவுக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் உண்டு. இதுவும் நீதவான் நீதிமன்றத்துக்குரியது. பெற்றோர் மணம் முடிக்காதவர்களாயினும் பிள்ளையின் உரிமை குறையாது.

பிள்ளை யாரிடம் வளர்வது என்பது வேறு வழக்கு. பழைய சட்டம் தகப்பனுக்கு முதலிடம் தந்தது. இன்று நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனையே முக்கியமாகப் பார்க்கின்றன. "பிள்ளையைக் கடத்திவிட்டாள்" என்று அவன் முந்திக்கொண்டு முறையிடக்கூடும். ஆகவே தாய் ஏன் புறப்பட்டாள் என்பதைப் பொலிஸில் காலம் தாழ்த்தாமல் பதிவுசெய்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வைத்திருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையொப்பமிடாமல், வாசித்து விளக்கும்படி கேட்க வேண்டும். பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, ஹாலிஎல, எல்ல போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அங்கே தமிழில் சேவை கேட்பது உரிமை.

புறப்படுமுன்

பெண் விலகிப்போகும் வேளைதான் மிக ஆபத்தான வேளை. கோபத்தில் "நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவதைவிட, சொல்லாமல் ஆயத்தம் செய்வதே பாதுகாப்பு. வெள்ளத்துக்கு முன் உறுதியையும் விதைநெல்லையும் உயரத்தில் வைப்பவர்கள் நாம். அதுபோல இவற்றை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் முன்கூட்டியே சேர்க்கலாம்:

• அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் இருந்தால் அதுவும்
• பிள்ளையின் கிளினிக் அட்டை, பாடசாலைப் பதிவுகள்
• சம்பளத் துண்டுகள், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், வங்கிப் புத்தகம்
• ஆஸ்பத்திரித் துண்டுகள், காயத்தின் படங்கள்
• பஸ் காசு, ஒரு மாற்றுடை, பிள்ளைக்குப் பிடித்த ஒரு பொருள்

காயம் இருந்தால் முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் "மிதுரு பியச" என்னும் நட்பு நிலையம் இதற்காகவே இயங்குகிறது. பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938, சிறுவர்களுக்கானது 1929. வழக்கறிஞருக்குக் காசில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

புது இடத்தில்

முதல் வேலை பாடசாலை. அதிபரைத் தனியே கண்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். நீதிமன்றக் கட்டளை இருந்தால் அதன் பிரதியையும் கொடுத்து, பிள்ளையை யாரிடம் அனுப்பலாம், யாரிடம் அனுப்பக்கூடாது என்று தெளிவாக்க வேண்டும். விடுகைப் பத்திரம் எடுக்கப் பழைய பாடசாலைக்குப் போக அஞ்சினால், பிரதேச செயலகத்திலுள்ள மகளிர், சிறுவர் உத்தியோகத்தர்களின் உதவியைக் கேட்கலாம். இருக்கும் இடத்தை முகநூலிலோ படங்களிலோ காட்டக் கூடாது.

பிள்ளை படுக்கையை நனைக்கலாம், பேச்சைக் குறைக்கலாம், "அப்பாகிட்ட எப்ப போவோம்?" என்று அழலாம். அடித்தவனிடமும் பிள்ளைக்குப் பாசம் இருப்பது இயல்பு. அதற்காக அதட்ட வேண்டாம். "இங்கே அடி இல்லை, நடந்தது உன் பிழை இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். பிள்ளையை வேவு கேட்கவோ தூது அனுப்பவோ கூடாது.

ஏற்றுக்கொள்ளும் ஊர்

தனக்கே ஒரு காம்பராவும் ஒரு நேரச் சோறும் உள்ளவர்களிடம்தான் பெரும்பாலும் இந்தத் தாய் வந்து சேர்கிறாள். காசைவிட நாம் தரக்கூடியவை உண்டு. தேடி வருபவனுக்கு இடம் சொல்லாத வாய். வழக்கு நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மடி. நீதிமன்ற வாசல் வரை கூட நடக்கும் ஒரு துணை. மரக்கறித் தோட்டத்தில் நியாயமான நாட்கூலிக்கு வேலை. சமரசம் பேச வருபவர்களிடம், "அவள் விருப்பம் என்ன?" என்று முதலில் கேட்கும் துணிவு.

அவள் திரும்பிப் போக முடிவெடுத்தாலும் கதவைச் சாத்த வேண்டாம். பல பெண்கள் ஒருமுறைக்கு மேல் புறப்பட்டுத்தான் நிரந்தரமாக விலகுகிறார்கள். முதல்முறை கிடைத்த வரவேற்பே, அடுத்தமுறை அவள் உயிரோடு வந்து சேர்வாளா என்பதைத் தீர்மானிக்கலாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. நாம் இடம்பெயர்ந்து வந்தபோது முதல் வாரத்தில் எமக்கு அதிகம் உதவியது எது? அதை ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் எப்படிக் கொடுக்கலாம்?
2. எமது ஊரில் இரவில் ஒரு தாய் வந்தால் எந்த வீடு கதவு திறக்கும்? அது இரகசியமாக இருக்க என்ன செய்யலாம்?
3. "பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்" என்று நாம் சொல்லும்போது, அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது?