கண்புரை: வெட்டா, வில்லையா முக்கியம்?

எபிசோட்டில் கண்புரை ஒப்பரேசனின் அளவுகளை வேகமாகச் சொல்லிப்போட்டன். வீட்டுப் பெரியாக்களுக்கு மொழிபெயர்க்கப் போற உங்களுக்காக இங்க ஆறுதலாகப் பாப்பம்.

கண்ணுக்குள் இருக்கிற இயற்கை வில்லை மங்கினால் அதுதான் கண்புரை. அதை எடுத்துச் செயற்கை வில்லை வைப்பினம்.

வெட்டின் அளவு, எது வெளியில வருகுது, எது உள்ளுக்குப் போகுது எண்டதைப் பொறுத்தது. பிரான்ஸில் வழமை பாக்கோ முறை: புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சி, மடித்த வில்லையைச் செலுத்துவார்கள். 2-3 மில்லிமீற்றர் போதும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பெருமளவில் செய்கிற மற்ற முறையில் புரையின் கரு முழுதாக வெளியே வரும்; மடியாத வில்லையும் வைக்கலாம். வெட்டு 6-7 மில்லிமீற்றர். ஆனால் அது சாய்வான சுரங்கம் மாதிரி. தானாக மூடும், பெரும்பாலும் தையல் வேண்டாம். பாக்கோ மெசினும் தேவையில்லை. மடியாத வில்லைகளை ஒரோலாப் 1992 முதல் மதுரையிலேயே மலிவாகச் செய்கிறது.

சின்ன வெட்டு கெதியா ஆறும். ஆனால் எந்தத் தூரம் தெளிவு எண்டதை வில்லைதான் தீர்மானிக்கும். ஒற்றைக் குவிய வில்லை ஒரு தூரத்துக்குத்தான். பல்குவிய வில்லையில் கண்ணாடித் தேவை குறையும். ஆனால் இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம், கைக்காசும் போகும்.

லா சப்பலில் இருக்கிற எங்கட அம்மம்மாவோட நான்தான் போனன். "தூரமா, கிட்டவா?" எண்டு டொக்டர் கேட்டார். அவவிட்டைக் கேக்காமலே "தூரம்" எண்டன். அவவுக்கு நாள் முழுக்கத் தேவாரப் புத்தகமும் தையலும். இப்ப ரெண்டுக்கும் கண்ணாடி தேடுறா.

நீங்கள் போகேக்க, மொழிபெயர்க்க முதல் அவையிட்டைக் கேளுங்கோ.