விலகி நிற்கும் அன்பு

வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பாலூட்டி ரக்கூன். கண்களைச் சுற்றிக் கருமுகமூடி அணிந்தாற்போன்ற முகமும் வளையங்கள் நிறைந்த வாலும் இதன் அடையாளங்கள். மரப்பொந்துகளில் வாழும் இவ்விலங்கு, நகரங்களில் வீட்டுப் பரண்களிலும் புகைபோக்கிகளிலும் குட்டி ஈனுகிறது.

இளவேனிலில் பிறக்கும் குட்டிகள் ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்தே கண் திறக்கின்றன. தாய் தனித்தே அவற்றை வளர்க்கிறது. அது இரைதேடச் சென்றிருக்கும் வேளையில் குட்டியின் அழுகுரலைக் கேட்போர், ஆதரவற்றதெனக் கருதி எடுத்துச் சென்றுவிடுகின்றனர். அவர்தம் இரக்கமே தாயையும் சேயையும் பிரித்துவிடுகிறது. காயமுறாத குட்டியைத் திறந்த பெட்டியில் வெதுவெதுப்பாக வைத்து, கண்ட இடத்திலேயே ஓரிரவு விட்டுவைத்தல் நன்று. பெரும்பாலும் தாய் திரும்பிவந்து, பிடரியைக் கவ்வித் தூக்கிச் செல்லும்.

தாய் இறந்தமை உறுதியானால், உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். பசும்பால் குட்டிக்கு ஒவ்வாது; வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வெறிநோயும் உருளைப்புழுவும் ரக்கூனிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடும் என்பதால் வெறுங்கையால் தொடுதலும் தகாது. மையங்களில் குட்டிகள் தம் இனத்தோடு சேர்த்து வளர்க்கப்படுகின்றன. மனிதரை அஞ்சாத ரக்கூன் காட்டில் பிழைத்தல் அரிது. ஆதலின், வளர்ப்போர் அவற்றோடு கொஞ்சி விளையாடுவதைத் தவிர்த்து, உரிய பருவத்தில் காட்டில் விடுகின்றனர்.

உடன்வாழ்தலுக்கும் நெறியுண்டு. கனடாவின் டொராண்டோ நகரம், ரக்கூன்கள் எளிதில் திறக்கவியலாத பூட்டமைந்த உணவுக்கழிவுத் தொட்டிகளை 2016ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கு வழங்கியது. விலங்கை விரட்டாமல், அதனை ஈர்க்கும் உணவை மட்டும் அகற்றும் முயற்சி இது.

காட்டுயிர் காட்டுயிராகவே வாழ இடம்விட்டு நிற்பதே அதன்பால் நாம் காட்டும் அன்பாகும்.