ஜும்ஆ உரை: குழந்தைப் பேறும் மிதமான சிகிச்சையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



பிள்ளையைத் தருபவனும் தராமல் வைப்பவனும் அல்லாஹ்வே என்பதை அஷ்ஷூரா அத்தியாயம் (42:49,50) நமக்குக் கற்றுத் தருகிறது. எனவே குழந்தை இல்லாதது யாருடைய குற்றமும் அல்ல. தள்ளாத வயதிலும் ஜகரிய்யா (அலை) அவர்கள் நம்பிக்கை இழக்காமல் துஆச் செய்தார்கள். யஹ்யா (அலை) அவர்களை அல்லாஹ் வழங்கினான். எந்த நோயையும் அல்லாஹ் மருந்தில்லாமல் விடவில்லை என்ற நபிமொழி புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே துஆவும் வேண்டும், மருத்துவமும் வேண்டும்.

இருவருக்கும் பரிசோதனை

ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே பாருங்கள். பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் குறையும் ஒரு காரணமாக இருக்கிறது. கணவருக்கான விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. அதைச் செய்யாமல் மருமகளை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வைப்பதும், 'மலடி' என்று பேசுவதும் அநியாயம்.

குறைந்த மருந்தில் பலன் உண்டா?

சோதனைக் குழாய் முறை என்றாலே தினமும் ஊசி, இலட்சங்களில் செலவு என்று அஞ்சுகிறோம். 1978-இல் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், தூண்டும் மருந்தே இல்லாமல், இயல்பாக முதிர்ந்த ஒரே கருமுட்டையிலிருந்து உருவானவர். பின்னர்தான் அதிக ஊசி போட்டு நிறைய முட்டைகளை எடுப்பது வழக்கமானது. மிதமான முறையில் மாத்திரையோ, குறைந்த அளவு ஊசியோ கொடுத்துச் சில முட்டைகளை மட்டும் எடுப்பார்கள்.

நெதர்லாந்தில் 38 வயதுக்கு உட்பட்ட 404 பெண்களிடம் நடந்த ஆய்வு 2007-இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஓராண்டில் நிறைமாதக் குழந்தை பெறும் வாய்ப்பு மிதமான முறையில் 43.4 சதவீதம், வழக்கமான முறையில் 44.7 சதவீதம். ஆனால் மிதமான முறையில் கூடுதல் தடவை முயல வேண்டியிருந்தது. ஒரு கருவை மட்டும் வைத்ததால் இரட்டைக் கர்ப்பம் மிகக் குறைந்தது. சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்தும் மிதமான முறையில் குறைவு. நீர்க்கட்டி உள்ள பெண்கள் இதை முக்கியமாகக் கேட்டறிய வேண்டும்.

முத்துக் குளித்த கடற்கரை நம்முடையது. சிப்பி கூடினால் முத்துக்கு வாய்ப்பும் கூடும். ஆனால் மூழ்குபவரின் மூச்சையும் பார்க்க வேண்டுமல்லவா? இங்கே மூழ்குபவர் உங்கள் மனைவி. எல்லோருக்கும் ஒரே முறை பொருந்தாது. வயதையும் முட்டை இருப்பையும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். "குறைந்த மருந்தில் முடியுமா? எத்தனை தடவை ஆகும்? மொத்தச் செலவு என்ன?" என்று தயங்காமல் கேளுங்கள்.

மார்க்க வரம்பு

ஓஐசியின் பன்னாட்டு ஃபிக்ஹ் அகாடமி 1986-இல் அம்மானில் கூடி, நிக்காஹ் நிலைத்திருக்கும்போது கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் சேர்ந்து, அதே மனைவியின் கர்ப்பப்பையில் வைக்கப்படுவதைத் தேவைக்காக அனுமதித்தது. மூன்றாமவரின் விந்து, முட்டை, வாடகைத் தாய் ஆகியவை கூடாது, வம்சம் கலந்துவிடும். தானமாகப் பெறுவதை நாட்டின் 2021 சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே "எங்களுடையது மட்டுமே" என்று மருத்துவமனையில் எழுத்திலேயே தெரிவியுங்கள்.

1990-இல் அதே அகாடமி, மிச்சக் கரு சேராதபடி தேவையான முட்டைகளை மட்டும் கருவுறச் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தது. சில முட்டைகளையே எடுக்கும் மிதமான முறை இந்த வரம்பைப் பேணவும் உதவுகிறது.

அன்பானவர்களே! சிகிச்சைக்காக வட்டிக்கு வாங்காதீர்கள்; வசதியுள்ள உறவினர்கள் அழகிய கடன் கொடுத்து உதவுங்கள். எல்லா முயற்சிக்குப் பின்னும் பிள்ளை இல்லையென்றால் வாழ்க்கை தோற்றுவிடவில்லை. நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் அவர்கள் வழியாகவே நமக்குக் கிடைத்துள்ளன.

பிள்ளைக்காக ஏங்கும் ஒவ்வொரு தம்பதிக்கும் ஸாலிஹான குழந்தைகளை அல்லாஹ் தந்தருள்வானாக! அவர்களை நோகடிக்கும் சொற்களிலிருந்து நம் நாவுகளைக் காப்பானாக! ஆமீன்.