தந்தைக்குரிய கடன்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெருவுக்குச் சாலை என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அங்காடி அது. செங்கோட்டை, நாஞ்சில் நாடு, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள் பலர் அங்கே கடை வைத்துக் குடியேறினர். செங்கோட்டையும் நாஞ்சில் நாடும் 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட மாநிலத்திலேயே இருந்தன. அன்று மாநில எல்லைகள் மாறின. தந்தை பிறந்த ஊர் ஒரு மாநிலத்திலும் மகன் அமர்ந்த கடை இன்னொரு மாநிலத்திலுமாக ஆயின.

கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தந்தை பெரும்பாலும் எட்ட நின்ற மனிதரே. விடியுமுன் கடை திறக்கச் செல்வார். பிள்ளை உறங்கிய பிறகு திரும்புவார். அவரது அன்பு கணக்கேட்டிலும், கட்டிய பள்ளிக் கட்டணத்திலும், பண்டிகைக்கு எடுத்த புதுத்துணியிலும் இருந்தது. பிள்ளையின் நினைவில் நின்றதோ கண்டிப்பு மட்டும். அதே பலகையில் அமர்ந்து, கடன் சொல்லிச் சென்றவர் திரும்பி வருவாரா என்று காத்திருக்கும் வயதில்தான் தந்தையின் மௌனம் மகனுக்கு விளங்கத் தொடங்குகிறது. பலருக்கு அந்த வயது வரும்போது தந்தை இருப்பதில்லை.

நன்றி என்ற சொல்லை இன்று நாம், பெற்றவர் திருப்பிச் சொல்லும் சொல்லாகவே வழங்குகிறோம். பழந்தமிழில் அதன் பொருள் வேறு. நன்மை என்பதே பொருள். திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தில் தந்தை மகனுக்குச் செய்வதையே வள்ளுவர் ‘நன்றி’ என்கிறார். மகன் தந்தைக்குச் செய்வதை ‘உதவி’ என்கிறார். அதிகாரத்திலும் தந்தை செய்வது முன்னே நிற்கிறது. மகனின் கைம்மாறு இறுதிக் குறளில் வருகிறது. பிறிதோர் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். செய்யப்பட்ட நன்மையை அறிவதே அங்கு அறமாகிறது. உள்ளம் நெகிழ்வது அதன்பின் வரலாம், வராமலும் போகலாம். நெகிழ்ச்சி வரவில்லையே என்று வருந்தும் மகனுக்கும் அறிதல் என்னும் வழி திறந்தே இருக்கிறது.

தந்தையின் இடத்தில் சில வேளை வேறொருவரும் வந்து நிற்பதுண்டு. ராஜா கேசவதாஸ் இளமையில் போக்கு மூசா மரைக்காயர் என்ற வணிகரிடம் கணக்கெழுதும் வேலை பார்த்தவர் என்று திருவிதாங்கூர் வரலாறு கூறுகிறது. வணிகரின் கடையில் எண் கற்ற சிறுவனே பின்னாளில் சாலை அங்காடியையும் ஆலப்புழைத் துறைமுகத்தையும் உருவாக்கினார். பெற்றவருக்கு மட்டுமன்றி, ஆளாக்கியவருக்கும் கடன் உண்டு.

இங்கு ஒரு கேள்வி எழலாம். அன்பே காட்டாத தந்தைக்குப் பிள்ளை என்ன கடன்பட்டிருக்கிறது? இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சாலைத் தெருவிலேயே கடை நடத்திக்கொண்டு, அத்தெருவின் மனிதர்களைக் கதைகளில் எழுதியவர் ஆ. மாதவன். 1934-இல் பிறந்து 2021-இல் மறைந்தார். 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். மலையாள வழியில் பள்ளிப்படிப்பை முடித்த அவர், தமிழைத் தாமே கற்றுக்கொண்டவர். அவரது ‘புனலும் மணலும்’ என்னும் நாவல் இந்தக் கேள்வியைத்தான் நேருக்கு நேர் சந்திக்கிறது. ஆற்றுமணல் அள்ளும் அங்குசாமி, ஒரு மகளை உடைய தங்கம்மையை மணக்கிறார். மனைவியிடம் அவருக்குப் பேரன்பு. அவளுடைய மகளிடமோ அடக்க முடியாத வெறுப்பு. அந்தப் பெண்ணின் அழகற்ற தோற்றமே அதற்குக் காரணம். தங்கம்மை இறந்தபின் அந்த வீட்டில் மிஞ்சுவது அவர்கள் இருவருமே. அவள் அவரைத் தந்தையாகவே கருதிப் பணிசெய்கிறாள்; அவர் மனமோ இறுகியே கிடக்கிறது. கதையின் முடிவைப் படித்தறிவதே நன்று. ஆனால் அந்தப் பெண்ணின் பணிவிடை அவரை மாற்றிவிடும் என்று ஆசிரியர் எங்கும் ஆறுதல் சொல்வதில்லை. அங்குசாமி கொடியவரும் அல்லர். உழைப்பாளி, பிறரிடம் பரிவுடையவர். ஒருவரிடம் மட்டும் அவரால் அன்பு செலுத்த முடியவில்லை. இத்தகைய தந்தையர் நாவலில் மட்டும் இருப்பவர் அல்லர்.

நமது சாத்திரங்கள் இவ்விடத்தில் கடன் என்ற சொல்லைக் கையாள்வது கருதத்தக்கது. தேவர்கள், முனிவர்கள், முன்னோர் ஆகிய மூவருக்கும் கடன்பட்டே மனிதன் பிறக்கிறான் என்பது வேதமரபு. கடன் கொடுத்தவர் இனிய முகத்தோடு கொடுத்தாரா என்பது கணக்கில் சேராது. அதே வேளையில், கடனைத் தீர்ப்பது என்றால் கொடுத்தவர் செய்த தவறுகளையெல்லாம் சரி என்று ஒப்புவது என்றும் பொருளில்லை. தந்தையின் கொடுமையை மறக்க முடியாத மகள், அவர் தந்த உணவையும் கூரையையும் அறிந்திருக்க முடியும். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். இருப்பது கடினம் என்பதும் உண்மை.

சாலையிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, கரமனை ஆற்றங்கரையில் திருவல்லம் பரசுராமர் கோயில் உள்ளது. நாம் ஆடி அமாவாசை என்று கூறும் நாள் கேரளத்தில் கர்க்கடக வாவு. அன்று முன்னோருக்குப் பலியிடுவதற்காக விடியுமுன்னரே அங்கு மக்கள் திரள்கிறார்கள். சங்குமுகம் கடற்கரையிலும் அவ்வாறே. எள், அரிசி, தருப்பை, நீர் ஆகியவை போதும். தந்தையை மிக நேசித்தவரும், இறுதிவரை அவரோடு பேசாதிருந்தவரும் ஒரே வரிசையில் ஈர உடையோடு அமர்கிறார்கள். சடங்கு செய்விப்பவர் கேட்பது இறந்தவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் மட்டுமே.