தடித்த எழுத்தும் மூணு சுழியும்

அச்சுப் பாடத்தில் 'போல்டு செரிஃப்' படித்தோமே, கோட்டின் முனையில் சிறு பாதம் வைத்த தடித்த ஆங்கில எழுத்து. தலைப்புக்கு எடுப்பாக இருக்கும். அதே தடிமனைத் தமிழுக்குக் கொடுத்தால்? ஆங்கில 'எச்' எல்லாம் நேர்கோடு. நம்ம 'ண'வுக்கோ மூணு சுழி. கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் வெள்ளை குறையும். மை பரவினால் அடைத்தே போகும்.

எழுத்தைப் பெரிசாக்கினால் தீருமா? தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. பெரிய எழுத்து, காகிதத்தைத் தின்றது. பக்கத்துப் பொறையாறில் சின்னதாக வார்த்தார்கள். உலோகத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடியை உருக்கினார்களாம்! புதிய ஏற்பாட்டு அச்சு 1715இல் முடிந்தது.

அப்போ தடித்த எழுத்தே வேண்டாமா? தொண்டியில் எங்க அத்தா கடலுக்குப் போகிறவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். டீக்கடையில் தினத்தந்தியின் தடித்த தலைப்பைத் தானே படித்துவிடுவார், மிச்சத்தை என்னிடம் கேட்பார். ஒருமுறை மானிய அறிவிப்பு ஒன்றில் தலைப்பு தடித்திருந்தது, கடைசித் தேதி பொடி எழுத்தில். நான் விடுதியில் இருந்தேன். தேதி போச்சு.

ஆகவே பத்தி முழுக்கத் தடித்த எழுத்து வேண்டாம். தேதிக்கும் தொகைக்கும் கட்டாயம் போடுங்கள். முதலில் ஒரு தாள் அச்சடித்து, சுழிக்குள் வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள். நான் 'தொண்டி' என்றுதான் அடித்துப் பார்ப்பேன். அதிலேயே மூணு சுழி இருக்கே!