நீலம் பாய்ந்த இரும்பு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தைச் சார்ந்த நரிக்குடி வானம் பார்த்த சீமை ஆகும். மாட்டேர் பூட்டி உழுத காலத்தில், மழை பெய்த ஈரம் காயுமுன் உழுது விதைத்தாக வேண்டும். அவ்வேளையில் கொழு முறிந்தால் ஒரு பருவத்து விளைவே கெடும். ஆதலின் இத்தகைய ஊர்களில் உழவர்க்கு உற்ற துணையாய் விளங்கியவர் கொல்லர்.

கொல்லர் கரியுலையில் இரும்பைச் செந்நிறம் பெறக் காய்ச்சிச் சம்மட்டியால் அடிப்பர். சிவப்பு மறைந்ததும் மீண்டும் உலையில் இடுவர். ஏறத்தாழ 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரையுள்ள சூட்டில், துலக்கிய இரும்பின்மேல் நீலம் பாயும். அந்நிலையில் அடித்தால் இரும்பு வெடிக்கும் என்பது உலகெங்கும் இத்தொழிலோர் பட்டறிவால் கண்ட உண்மை. செஞ்சூட்டில் குழைவதும், குளிர்ந்த நிலையில் ஓரளவு வளைந்து கொடுப்பதுமாகிய இரும்பு, இடைப்பட்ட இச்சூட்டில் மட்டும் வெடிப்பது ஏன்?

இரும்பின் அணுக்கள் ஒழுங்கான வரிசைகளில் அமைந்துள்ளன. இவ்வமைப்பே படிகம் எனப்படும். ஆயினும் குறையற்ற படிகம் அரிது. ஒருபுறம் அகன்று மறுபுறம் ஒடுங்கிய புன்செயை உழுபவர், ஏதேனும் ஒரு சாலை நடுவிலேயே முடித்துவிடுவர். அதுபோல, அணுவரிசை ஒன்று படிகத்தின் நடுவே முடிந்துவிடுவதுண்டு. இக்குறையைப் பிறழ்வு என்பர். பிறழ்வுகள் நகர்வதனாலேயே உலோகம் வளைகிறது என்பதை 1934ஆம் ஆண்டில் டெய்லர், ஒரோவான், போலானி என்னும் அறிஞர் மூவரும் தனித்தனியே விளக்கினர்.

இரும்பில் கரி, நைட்ரஜன் ஆகியவற்றின் அணுக்கள் சிறிதளவு கலந்திருக்கும். அவை இரும்பணுக்களின் இடுக்குகளில் நெருக்குண்டு கிடக்கும். பிறழ்வின் ஓரத்திலோ அணுக்கள் சற்றே விலகி நிற்றலின் இடம் மிகுதி. ஆகவே, மேட்டில் பெய்த நீர் பள்ளத்தை நாடுவதுபோல, அவ்வணுக்கள் பிறழ்வை நாடிச் சென்று சூழ்ந்துகொள்கின்றன. சூழப்பட்ட பிறழ்வு எளிதில் நகர மாட்டாது. இக்கொள்கையைக் காட்ரெல், பில்பி என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1949இல் வெளியிட்டனர்.

இனிக் கொல்லர் கண்ட உண்மையின் காரணம் விளங்கும். செஞ்சூட்டில் அவ்வணுக்கள் வெப்பத்தால் அலைவுற்றுப் பிறழ்வைச் சூழ்ந்து நிற்பதில்லை. குளிர்ந்த இரும்பில் அவை மிக மெல்ல ஊர்வதால், அடிபட்டு ஓடும் பிறழ்வைத் தொடர இயலாது. நீலச் சூட்டிலோ இரண்டின் விரைவும் ஏறத்தாழ ஒத்துவிடுகின்றன. பிறழ்வு ஓட ஓட அணுக்களும் தொடர்ந்து பற்றுகின்றன. அதனால் இரும்பு விறைத்து, வளைய வேண்டிய இடத்தில் வெடிக்கின்றது.

குறை உள்ள இடம் பிறழ்வு ஒன்று மட்டுமன்று. பல படிகங்கள் கூடியதே உலோகம். அவை ஒன்றையொன்று சந்திக்கும் எல்லைகளிலும் வேற்றணுக்கள் சென்று தங்கும். பாஸ்பரஸ் அங்ஙனம் தங்கின் படிகங்களின் பிணைப்புத் தளரும். 1969ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயிண்ட் அணுமின் நிலையத்தில் சுழலியின் எஃகு வட்டு ஒன்று சிதறியது. எல்லைகளில் படிந்த பாஸ்பரஸால் அவ்வெஃகு நொறுங்கும் இயல்பு பெற்றிருந்தது. ஆகவே, சிறு வெடிப்பே பேரழிவுக்கு வழியாயிற்று.

ஆயினும் இவ்வியல்பு தீமைக்கே உரியதன்று. கார்களின் மேற்றகடுகளுள் சிலவற்றை மென்மையான நிலையில் அழுத்தி வடித்துப் பின்னர் வண்ணம் பூசிச் சூடேற்றுவர். அச்சூட்டில் கரியணுக்கள் பிறழ்வுகளைப் பற்றிக்கொள்ளத் தகடு உறுதி பெறுகின்றது. கொழுவை முறிக்கும் அதே செயல் இங்கே காவலாகின்றது.

இந்நாளில் உலோக ஊசிமுனையிலிருந்து அணுக்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து, இன்ன அணு இன்ன இடத்தில் இருந்தது என்று காட்டும் கருவியும் உண்டு. அத்தகைய கருவி கொண்ட தேசிய ஆய்வுக்கூடம் 2018இல் சென்னை ஐ.ஐ.டி.யில் தொடங்கப்பெற்றது. கரியுலையின் முன் நின்ற கொல்லர் கண்ணால் நிறத்தைக் கண்டு கையை நிறுத்தினார். அறிவியலார் அணுவைக் கண்டு அதன் காரணத்தை அறிந்தனர். முன்னவரின் பட்டறிவு கொழுவைக் காத்தது. பின்னவரின் ஆராய்ச்சி, அவ்வறிவு சுழலிக்கும் பயன்பட வழி செய்தது. தொழிலறிவும் நூலறிவும் ஒன்றையொன்று மதித்துக் கற்றலே நாட்டிற்கு ஆக்கமாகும்.